எழுபது வீதம் யாருடைய கணக்கு?

எங்கட பீடத்தில் ‘பயஸ்’ என்றால் பக்கச்சார்பு. பத்திரிகையின் பயஸ், வரலாற்றாசிரியரின் பயஸ், வினாக்கொத்தின் பயஸ் என்று முதலாம் வருஷத்திலிருந்தே எழுதி எழுதிக் கை நொந்தவர்கள் நாங்கள். அதே சொல்லுக்குக் கிற்றார் அம்புக்குள்ளே வேறொரு அர்த்தம் இருக்கிறது என்பதை யூரியூப்பில் பார்த்துப் படித்தோம். அரைகுறையாகத்தான் படித்திருக்கிறோம் என்பது ஒரு வால்வு செக்கச்செவேலென்று சிவந்த இரவில்தான் விளங்கியது.

நாங்கள் நான்கு பேர். இரண்டு கிற்றார், ஒரு பேஸ், ஒரு ட்ரம்ஸ். எல்லாரும் கலைப்பீடம். கொழும்பில் ஒருவர் விற்ற பழைய வால்வு அம்ப் ஒன்றைக் காசு சேர்த்து வாங்கினோம். ஐம்பது வாற், பின்பக்கம் இரண்டு ஈஎல்34 வால்வுகள். எந்தக் கொம்பனி என்பது இங்கே தேவையில்லை, பிழை அதில் இல்லை. பிழை எங்களில். அதைவிடப் பெரிய பிழை, இணையத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிற ஒரு எண்ணில். இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது.

முதலில், தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஓ/எல் விஞ்ஞானம் காணும், பயப்பட வேண்டாம்.

வால்வுக்குள்ளே சூடாகும் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, நானூறு வோல்ற்றுக்கு மேல் நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் பிளேற்றை நோக்கி ஓடுகின்றன. இடையில் கிரிட் என்ற கம்பிச் சுருள் காவலுக்கு நிற்கிறது. கிரிட்டுக்கு எவ்வளவு மறை வோல்ற்றேஜ் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு ஓட்டம் குறையும். கிற்றாரில் ஒரு தந்தியும் அசையாத நேரத்தில் வால்வு எவ்வளவு மின்னோட்டத்தோடு சும்மா நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பயஸ் வைப்பது. மோட்டார் சைக்கிளின் ஐடிலிங் மாதிரி. குறைத்து வைத்தால் ‘கோல்ட்’: இரண்டு வால்வுகளும் அலையின் பாதியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்குகிற இடத்தில் ஒரு இடைவெளி விழும், சத்தம் மெலிந்து கரகரக்கும். கூட்டி வைத்தால் ‘ஹொற்’: சத்தம் தடிப்பாக இருக்கும், ஆனால் பிளேற் தாங்க முடியாத சூட்டில் வேகும். இன்னும் கூட்டினால் பிளேற்றே சிவக்கும்.

இப்படிக் கிரிட்டுக்குத் தனியாக மறை வோல்ற்றேஜ் கொடுக்கும் முறைக்கு ‘ஃபிக்ஸ்ட் பயஸ்’ என்று பெயர். திருகி மாற்றக்கூடியதுக்கு ‘நிலையானது’ என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, எங்களைக் கனக்கக் குழப்பினார். மற்றது ‘கதோட் பயஸ்’. கதோட்டில் ஒரு தடையியைப் போட்டுவிட்டால் வால்வு தன் ஓட்டத்தைத் தானே பெருமளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். வொக்ஸ் ஏசி30 இந்த வகை, அதில் திருக ஒன்றும் இல்லை. ஃபெண்டர் ட்வின் ரிவேர்பும் மார்ஷலின் பெரிய அம்புகளும் முதல் வகை. எங்கடதும் அதுதான்.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஒவ்வொரு பவர் வால்வும் பிளேற்றில் தாங்கக்கூடிய வெப்பத்துக்கு ஒரு உச்ச அளவு உண்டு. ஈஎல்34 என்றால் 25 வாற், 6எல்6ஜிசி என்றால் 30 வாற். பிளேற் வோல்ற்றேஜை மின்னோட்டத்தால் பெருக்கினால் சும்மா நிற்கும்போது எத்தனை வாற் எரிகிறது என்று தெரியும். வாசிக்கும்போது சூடு இன்னும் ஏறலாம் என்பதால் அதற்கு இடம் விட்டு, உச்சத்தின் 70 வீதத்தில் வையுங்கோ என்கிறது இணையம். ஈஎல்34இன் 25 வாற்றில் 70 வீதம் 17.5 வாற். எந்தக் காணொளியைப் பார்த்தாலும் கணக்கு இவ்வளவுதான். மனப்பாடம் செய்து, பரீட்சை மண்டபத்துக்குப் போகிற மாதிரி அம்பைத் திறந்தோம்.

அன்று பின்னேரம் ஏழு மணி. பிளேற்றில் 420 வோல்ற். 17.5ஐ 420ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41 மில்லிஅம்பியர். கதோட்டில் ஏற்கெனவே ஒரு ஓம் தடையி போட்டிருந்தது. அதில் தெரிகிற ஒவ்வொரு மில்லிவோல்ற்றும் ஒரு மில்லிஅம்பியர். ஸ்கிரீனுக்குப் போகிறதைக் கழித்து, பிளேற்றுக்கு 41 வரும்வரை திருகினோம். ஒரு வால்வைத்தான் அளந்தோம். இரண்டும் சோடியாக வாங்கியவைதானே, மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மூடினோம், வாசித்தோம், சத்தம் அருமை. எங்களை நாங்களே தட்டிக்கொடுத்தோம்.

இரண்டு கிழமை கழித்து இரவு பதினொரு மணி பிராக்ரிஸில் ஒரு வால்வு சிவந்தது. சுவிட்சை நிப்பாட்ட ஓடுவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது.

வால்வு வானொலிக் காலத்திலிருந்து திருத்த வேலை செய்கிற ஒரு அண்ணையிடம் அம்பைக் கொண்டுபோனோம். அவருக்குக் கிற்றார் பற்றி அக்கறையே இல்லை. நாங்கள் 70 வீதம், 41 மில்லிஅம்பியர் என்று ஒப்புவித்ததைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி:

“நீங்கள் திருகேக்கை சுவரில எவ்வளவு இருந்தது?”

எங்களிடம் பதில் இல்லை. சுவரை அளக்க வேண்டும் என்று எந்தக் காணொளியும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அவர் மேசைக்குக் கீழே ஒரு வேரியாக் வைத்திருந்தார். குமிழைத் திருப்பினால் வருகிற வோல்ற்றேஜைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஃபியூஸை மாற்றி, அதன் வழியாக அம்பைப் போட்டு, எங்கட 420 வோல்ற் பிளேற்றில் வரும்வரை திருப்பினார். சுவர்ப்பக்க மீற்றர் காட்டியது 210. எங்கட ஒழுங்கையில் பின்னேரம் எல்லா வீட்டிலும் லைற்றும் ஃபானும் அரிசிக் குக்கரும் போட்டிருக்கும் நேரத்தில் வருவது அவ்வளவுதான். பிறகு இரண்டு வால்வையும் அளந்தார். ஒன்று 41, நாங்கள் அளக்காத மற்றது 46. அடுத்ததாகக் குமிழை மெல்ல மெல்லத் திருப்பி 240க்குக் கொண்டுபோனார். ஊர் படுத்த பிறகு எங்கட சுவரில் வருவது அது, பிறகு நாங்களே போய் அளந்து பார்த்தோம். பிளேற் 480 வோல்ற்றைத் தொட்டது. 46இல் நின்ற வால்வு 56க்குப் போனது. “போதும்” என்று உடனே இறக்கினார்.

56ஐ 480ஆல் பெருக்குங்கள். 27 வாற். 25 வாற் தாங்குகிற வால்வு.

ஏன் இவ்வளவு ஏறியது? சுவரில் ஏறியது ஏழில் ஒரு பங்கு மட்டும்தானே? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தோம். சுவர் ஏறும்போது அம்புக்குள்ளே எல்லாம் சேர்ந்து ஏறுகிறது: பிளேற், ஸ்கிரீன், கிரிட்டின் மறை வோல்ற்றேஜ். கிரிட் ஏறுவது ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், ஆனால் மற்ற இரண்டையும் அதனால் முழுக்க ஈடுகட்ட முடியாது. வால்வில் எல்லா வோல்ற்றேஜும் ஒரே விகிதத்தில் கூடினால் மின்னோட்டம் அந்த விகிதத்தின் ஒன்றரை அடுக்காகக் கூடும். இது வால்வின் பழைய விதி. அதை மறுபடியும் வோல்ற்றேஜால் பெருக்கினால் வெப்பம் இரண்டரை அடுக்கு. அதாவது சுவரில் 5 வீதம் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 13 வீதம் கூடும். 210இலிருந்து 240க்குப் போனால் ஏறத்தாழ 40 வீதம். நாங்கள் மிகக் கவனமாக 70 வீதத்தில் வைத்த வால்வு, இரவில் யாரும் தொடாமலே 96 வீதத்தில் நின்றது. அளக்காமல் விட்டது எல்லையைத் தாண்டியது.

ஆகவே எங்கட கருத்து இதுதான். 70 வீதம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை, தாண்டக்கூடாத கோடு. அந்தக் கோட்டையும் உங்கள் ஊரில் வருகிற உச்ச வோல்ற்றேஜில் வைத்துத்தான் கீற வேண்டும், திருகுகிற நேரத்து வோல்ற்றேஜில் இல்லை.

எண்ணாகச் சொன்னால்: உங்கள் சுவர் இரவில் 240 வரை போகும் என்றால், அங்கே 70 வீதம் நிற்க வேண்டுமானால், 230இல் திருகும்போது 63 வீதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 210இல் திருகினால் 50 வீதம். ஒரே அம்ப், ஒரே வால்வு, மூன்று எண். இதில் எது ‘சரியான பயஸ்’ என்று கேட்டால், எத்தனை மணிக்குக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க முடியும்.

காணொளிக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களுடைய சுவர் காலையும் மாலையும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இல்லாத பிரச்சினையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். எங்களுக்கு அதிகாரபூர்வமாக 230 வோல்ற், ஆனால் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு வருவது வேறு. கோயில் திருவிழா மேடையில் ஜெனரேற்றர் என்றால் அது இன்னொரு கதை. சீரியல் பல்ப் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிப்பாட்டினால் மேடையில் என்ன வோல்ற்றேஜ் வரும் என்று ஜெனரேற்றர்காரருக்கே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எடி வான் ஹேலன் தன் மார்ஷலை வேரியாக்கில் போட்டு வோல்ற்றேஜைக் குறைத்து ஓட்டினார் என்பது கிற்றார்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தச் சத்தத்துக்காக இன்றைக்கும் ஆட்கள் வேரியாக் வாங்குகிறார்கள். எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணிக்கு அதில் ஒரு சின்னப் பங்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அன்று ‘சத்தம் அருமை’ என்று நாங்கள் மெச்சியதில் எங்கட திருகலுக்கு எவ்வளவு பங்கு, ஊரின் அரிசிக் குக்கருக்கு எவ்வளவு பங்கு என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எங்களோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதங்களும் சும்மா தள்ளக்கூடியவை இல்லை.

“காதால வைக்கிறதுதான் சரி. மீற்றருக்குப் பாட்டுத் தெரியாது” என்பார்கள் அனுபவமுள்ள வாசிப்பவர்கள். சத்தத்தைத் தெரிவு செய்வது காதுதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் காதுக்குச் சூடு கேட்காது. கொஞ்சம் கூட்டினால் தடிப்பாகக் கேட்கும், அடுத்த நாள் காது அதற்குப் பழகிவிடும், இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லும். கறிக்கு உப்புப் போடுகிற மாதிரித்தான். கோட்டுக்குக் கீழே எங்கே நிற்பது என்பதைக் காது சொல்லட்டும். கோடு எங்கே என்பதை மீற்றர்தான் சொல்ல வேண்டும்.

“50 வீதத்தில் வைத்தால் சத்தம் செத்துப்போகும்” என்பது அடுத்தது. பொதுவாகக் கோல்ட் பயஸ் மெல்லிய வாசிப்பில் கரகரக்கும் என்பது உண்மை. நாங்கள் அம்பைத் திருத்திய பிறகு ஒருவர் திரும்பி நிற்க, மற்றவர் இரண்டு அளவிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் வித்தியாசம் பிடிபட்டது. அதுவும் தனியாக, மெதுவாக வாசித்தபோது. ட்ரம்ஸ் தொடங்கியதும் அவருக்கும் தெரியவில்லை. இது ஆய்வு இல்லை, நான்கு காது சொன்ன கதை. ஆனால் அந்தக் கரகரப்புக்காக வால்வைப் பணயம் வைக்க நாங்கள் தயாரில்லை. இன்றைக்குக் கிற்றார் அம்புக்கான பவர் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும்தான் செய்யப்படுகின்றன. 2022இல் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வுகளின் விலை ஏறியது. அதே வருஷம் எங்கட ரூபா விழுந்த விழுகை எல்லாருக்கும் தெரியும். ஒரு சோடி ஈஎல்34 இப்போது எங்கட நான்கு பேரின் மாதச் சாப்பாட்டுக் காசோடு போட்டி போடுகிறது.

“ஸ்ரெபிலைசர் போடுங்கோவன்” என்று கேட்பவர்களுக்கு: போடலாம், நல்லது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் போட்டிருப்பதைக் கழற்றி ஒரு கிழமை பாவித்தும் பார்த்தோம், அம்மாவிடம் ஏச்சு வாங்கினோம். ஆனால் எல்லா மேடைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

“உந்த வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு, தெரிஞ்ச ஆளிட்ட குடுங்கோ” என்பதுதான் கடைசி வாதம். இதில் பாதிக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். அம்பின் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் நானூறு வோல்ற்றுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். ஆளைக் கொல்ல அது காணும். அன்று மூடியைத் திறந்தபோது எங்களுக்கு இது தெரியாது, தப்பியது எங்கட கெட்டித்தனம் இல்லை. அந்த அண்ணை ஐம்பது வருஷ அனுபவத்தோடும் ஒரு கையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் அளந்தார், மின்சாரம் ஒரு கையால் ஏறி மற்றக் கையால் இறங்கினால் இடையில் இருப்பது இதயம் என்பதால். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு அம்பைப் போடவே கூடாது, வெளிப்பக்க ட்ரான்ஸ்ஃபோமர் போய்விடும். ஆகவே தெரியாதவர்கள் தனியாகத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் மறுபாதிக்கு நாங்கள் உடன்படமாட்டோம். கொடுப்பது வேறு, கேட்காமல் கொடுப்பது வேறு. கொம்பனிகளும் வாசிப்பவர்களைக் கேட்காத ஆட்களாகத்தான் வைத்திருக்கின்றன. ஃபெண்டர் 1960களின் நடுப்பகுதி அம்புகளில் பயஸ் அளவை மாற்றும் திருகியை வைத்திருந்தது. பிற்பாடு வந்த பல சில்வர்ஃபேஸ் அம்புகளில் அந்த இடத்தில் இருந்தது இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துகிற திருகி. அளவை மாற்ற வழியில்லை. மேசா பூகியின் பல அம்புகளில் திருகியே கிடையாது. நாங்கள் தெரிந்து விற்கிற வால்வைப் போடுங்கள், பயஸ் பற்றி யோசிக்க வேண்டாம் என்பது அவர்களுடைய கொள்கை. அதில் ஒரு நியாயம் உண்டு, எங்களைப் போன்றவர்களிடமிருந்து அம்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வால்வு கிடைக்காத ஊரில், சுவர் ஆடுகிற ஊரில், யோசிக்க வேண்டாம் என்பது யாருக்கு வசதி? இதற்கு எதிராக, பின்பக்கத்திலேயே மீற்றரைச் செருகி அளக்கக்கூடிய துளைகளோடும் வெளியிலிருந்து திருகக்கூடிய திருகியோடும் வருகிற அம்புகளும் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது சாட்சி.

வாங்குகிறபோது அதைக் கேட்டு வாங்குங்கள். இருக்கிற அம்பைத் திருத்தக் கொடுக்கிறபோது, திருப்பி எடுக்கும் நேரம் “பயஸ் வைச்சாச்சோ?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் “ஓம்” என்றுதான் சொல்வார்கள். சுவரில் எவ்வளவு, பிளேற்றில் எவ்வளவு, ஒவ்வொரு வால்விலும் எத்தனை மில்லிஅம்பியர் என்று கேளுங்கள். அளந்து செய்தவர் கோபிக்கமாட்டார். எங்கட அண்ணை இப்படியொரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார், பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

எங்கட அம்பின் பின்பலகையில் இப்போது ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறது. பேனையால் எழுதி, மேலே டேப் போட்டது:

சுவர் 230. பிளேற் 460. இடது 33, வலது 34. பின்னேரம் ஏழு மணிக்குத் திருக வேண்டாம்.

அடுத்த வருஷம் இந்த அம்ப் எங்கட ஜூனியர் பெடியளிடம் போகும். அவர்கள் முதலில் அதை வாசிக்கட்டும்.